உடுக்கைப் பாட்டிலிருந்து அசைவூட்டத் தொடர் வரை: அண்ணன்மார் கதையில் தலைமுறைதோறும் தொடரும் தீமை

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு வட்டாரத்தில் உடுக்கையடித்துப் பாடப்பட்டு வரும் அண்ணன்மார் கதை, மூன்று தலைமுறை நீளமுடைய வீரகாவியம். 1965இல் காங்கேயம் பகுதியில் ஒலிநாடாவில் பதிவான இக்கதை, பின்னர் நூலாகவும் 26 பகுதிகள் கொண்ட அசைவூட்டத் தொடராகவும் வடிவம் பெற்றது. இதற்கு இணையாக, கலைஞர் மு. கருணாநிதியின் ‘பொன்னர் சங்கர்’ புதினம் வழியாக 2011இல் திரைப்படமாகவும் வெளிவந்தது. ஊடகம் மாறுந்தோறும் கதையில் ‘தீமை’ எங்கே வைக்கப்படுகிறது என்பதும் மாறுகிறது. வாய்மொழி வடிவில் அது குலத்தின் உள்ளிருந்து தோன்றுகிறது; புதினமும் திரைப்படமும் அதனை ஒரு தனிமனிதனிடம் குவிக்கின்றன; அசைவூட்டத் தொடர் குலச் சாபத்தை மீட்டெடுப்பினும் பகைவருக்கு உருவம் கொடுக்க வேண்டிய நெருக்கடியைச் சந்திக்கிறது. ஜப்பானிய அனிமேத் தொடரான ‘ஜோஜோவின் விசித்திர சாகச’த்தோடு ஒப்பிட்டு இம்மாற்றத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: அண்ணன்மார் கதை, பொன்னர் சங்கர், கொங்கு நாடு, உடுக்கைப் பாட்டு, பங்காளி, வேட்டுவர், அசைவூட்டம், அனிமே, திருப்பூர்

முன்னுரை

வீரமிக்க ஆண்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு மாயத் தீமையை எதிர்த்துப் போரிடும் கதைகள் இன்றைய இளைஞரிடம் பெரும் செல்வாக்குப் பெற்றுள்ளன. ஜப்பானிய அனிமேத் தொடர்கள் இவ்வகையில் முதலிடம் வகிக்கின்றன. அண்மை ஆண்டுகளில் அவற்றுட் சில தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. இவ்வகைக் கதைகளைப் பற்றிப் பேசுவோர் அவற்றை முற்றிலும் அயல்நாட்டு வரவாகவே கருதுவது வழக்கம். ஆனால் இதே கட்டமைப்புடைய பெருங்கதை ஒன்று கொங்கு நாட்டின் சிற்றூர்களில் விடிய விடியப் பாடப்பட்டு வந்துள்ளது. அதன் முழுமையான ஒலிப்பதிவுகளுள் ஒன்று இன்றைய திருப்பூர் மாவட்ட எல்லைக்குள் நிகழ்ந்தது. அப்பதிவே பின்னர் ஓர் அசைவூட்டத் தொடருக்கும் மூலமாயிற்று.

அண்ணன்மார் கதை குறித்த தமிழாய்வுகள் பெரும்பாலும் மூன்று திசைகளில் சென்றுள்ளன: கதை நிகழ்ந்த காலத்தை வரையறுத்தல், வழிபாட்டுச் சடங்குகளை விளக்குதல், சாதி வரலாற்றோடு பொருத்துதல். இக்கட்டுரை இவற்றிலிருந்து சற்று விலகி வேறொரு வினாவை முன்வைக்கிறது. இக்கதையில் நாயகர்கள் எதிர்ப்பது எதனை? அந்த எதிர்நிலை ஊடகத்துக்கு ஊடகம் எவ்வாறு இடம்பெயர்ந்துள்ளது? கதையில் பகைவராக வருபவரின் வழியினர் எனத் தம்மைக் கருதும் மக்கள் இன்றும் அதே வட்டாரத்தில் அண்டைவீட்டாராக வாழ்கின்றனர். எனவே இவ்வினா இலக்கியக் கோட்பாட்டு அளவில் முடிந்துவிடுவதன்று.

1. காங்கேய நாடும் 1965ஆம் ஆண்டு ஒலிப்பதிவும்

கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1964 முதல் 1966 வரை கொங்கு நாட்டில் தங்கிக் கள ஆய்வு செய்தார். அவர் தேர்ந்துகொண்ட இடம் காங்கேயத்தை அடுத்த கண்ணபுரம் கிராமத்தைச் சேர்ந்த ஓலப்பாளையம். கண்ணபுரம், மாரியம்மன் கோயில் தேர்த் திருவிழாவையொட்டிய மாட்டுச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். பெக் ஆய்வு செய்தபோது இப்பகுதி கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1979இல் பெரியார் மாவட்டத்திலும் (பின்னர் ஈரோடு), 2009இல் புதிதாக உருவான திருப்பூர் மாவட்டத்திலும் சேர்ந்தது.

அந்த ஆய்வின் முதல் விளைவு 1972இல் வெளிவந்த கொங்கு வேளாண் சமூகம் பற்றிய அவரது நூல். வலங்கை, இடங்கைச் சாதிப் பிரிவுகள் வட்டாரத்தின் சமூக ஒழுங்கை எவ்வாறு வகுத்தன என்பதை அந்நூல் விவரித்தது. இரண்டாவது விளைவு அண்ணன்மார் கதையின் பதிவு. 1965இல் ஈ. சி. ராமசாமி என்னும் பாடகர், துணைப்பாடகர் ஒருவருடன் உடுக்கையடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடிய கதையைப் பெக் ஒலிநாடாவில் பதிந்தார். பாட்டும் வசனமும் மாறி மாறி வருவது இந்நிகழ்த்துகலையின் அமைப்பு. பாடகர் கதையை வசனத்தில் நகர்த்துவார். உணர்ச்சி முற்றும் இடத்தில் உடுக்கை ஒலிக்கப் பாட்டு எழும். துணைப்பாடகர் அதனைத் தொடர்வார், இடையில் வினவுவார், ஆமோதிப்பார்.

இப்பதிவின் அடிப்படையிலும் கதையின் பிற வடிவங்களோடு ஒப்பிட்டும் எழுதப்பட்ட ‘மூன்று இரட்டையர்’ என்னும் பொருளுடைய ஆங்கில ஆய்வுநூலை இந்தியானா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1982இல் வெளியிட்டது. பொன்னர், சங்கர், தங்கை அருக்காணி ஆகிய மூவரும் ஒரே கருவில் பிறந்தவர்கள் என்பதையே அத்தலைப்புச் சுட்டுகிறது. பதிவு செய்யப்பட்ட பனுவல், தமிழும் ஆங்கிலமுமாக இரு தொகுதிகளில் 1992இல் சென்னை ஆசியவியல் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. கவிஞர் சக்திக்கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதை, தமிழ் வாசகரிடையே பரவிய மற்றொரு முக்கிய அச்சு வடிவமாகும். வடிவங்களுக்கிடையே பெயர்களும் நிகழ்ச்சிகளும் வேறுபடும். இக்கட்டுரை, வேறு குறிப்பு இல்லாத இடங்களில், பெக் பதிந்த வடிவத்தையே பின்பற்றுகிறது.

2. மூன்று தலைமுறைகளின் கதை

கதை பொன்னர், சங்கர் பிறப்பில் தொடங்குவதில்லை. அவர்களுடைய பாட்டனிடம் தொடங்குகிறது. பார்வதி தேவி உழவுத் தொழிலுக்கென ஒன்பது சகோதரர்களைப் படைக்கிறாள். அவர்களுள் மூத்தவரான கோளாத்தாக் கவுண்டர் பொன்னிவளநாட்டில் காடு திருத்திக் குடியேறுகிறார். விளைநிலத்தைக் காக்கக் கூரிய இரும்பு முனைகளுடன் வேலி அமைக்கப்படுகிறது. அவ்வேலியில் பாய்ந்த பசுக்கள் குத்துண்டு மடிகின்றன. பசுக்கொலைப் பழி சாபமாகிறது: அக்குலத்துப் பெண்களுக்கு ஏழு தலைமுறைக்கு மகப்பேறு இல்லை.

இரண்டாம் தலைமுறையில் வருபவர் குன்னுடையாக் கவுண்டர். கற்குவியலின் அடியில் தெய்வம் இட்ட குழந்தை அவர். பசு ஒன்று பால் சுரந்து காக்கிறது. பெற்றோரை இழந்தபின் பங்காளிகளால் விரட்டப்பட்டு, வேற்றூரில் ஆடு மேய்த்து, அவ்வீட்டுப் பெண் தாமரை நாச்சியாரை மணந்து ஊர் திரும்புகிறார். விதைக்க நெல் கேட்டவருக்குப் பங்காளிகள் கொடுப்பது வறுத்த விதை. தெய்வ அருளால் அவ்விதையும் முளைக்கிறது. ஆயினும் சாபம் நீங்கவில்லை. தாமரை நாச்சியார் 21 ஆண்டுகள் தவமிருந்து சிவனிடம் மக்கட்பேறு பெறுகிறாள். கிடைத்த வரத்திலும் ஒரு வரம்பு உண்டு. ஆண்மக்கள் இருவருக்கும் ஆயுள் 16 ஆண்டுகள் மட்டுமே.

மூன்றாம் தலைமுறையே பொன்னரும் சங்கரும். பிறக்கும் ஆண்மக்களைக் கொல்லப் பங்காளிகள் மருத்துவச்சிக்குக் கையூட்டுத் தருகின்றனர். குழந்தைகள் மறைவாகக் காப்பாற்றப்பட்டுக் கோயிலில் தெய்வத்தின் பாதுகாப்பில் வளர்கின்றனர். வளர்ந்ததும் பங்காளிகளை அடக்குகின்றனர். சோழ அரசனோடு மோதுகின்றனர். தங்கை அருக்காணியின் விருப்பத்துக்காகச் சங்கர் வேட்டுவர் காட்டில் புகுந்து கிளி பிடிக்கும்போது இணைக்கிளிகள் பிரிகின்றன. அக்கிளிகளை வளர்த்த வேட்டுவ இளவரசி வீரத்தங்காளின் சினத்திலிருந்து கொம்பன் என்னும் மாயப் பன்றியின் படையெடுப்புத் தொடங்குகிறது. பயிர் அழிகிறது. அண்ணன்மார் வேட்டைக்குப் புறப்படுகின்றனர். இறுதியில் பன்றி வீழ்கிறது. பின்னர் மாயவர் தோற்றுவிக்கும் மாயப்போரில், ஆயுள் முடிந்ததை உணர்ந்த சங்கர் தன் வாள்மேல் விழுகிறான். பொன்னரும் அவனைத் தொடர்கிறான். தங்கை களம் தேடி வந்து அண்ணன்மாரைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசி விடைபெறுகிறாள்.

3. வாய்மொழி வடிவில் தீமையின் இருப்பிடம்

இக்கதைச் சுருக்கத்தில் மாயத் தீமையின் உருவமாகப் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது கொம்பன். ஆனால் கதை நகரும் வரிசையில் கொம்பன் மிகவும் பிந்தி வருகிறான். அவன் வருவதற்கு முன்பே இரண்டு தலைமுறைகளைத் தீமை உலுக்கிவிட்டது. அத்தீமையின் வாயில்களை வரிசைப்படுத்தினால் மூன்றைக் காணலாம்.

முதலாவது வேலி. பசுவைக் கொன்றவர் பகைவரல்லர். குலத்தின் முதல்வரே தம் விளைச்சலைக் காக்க நட்ட வேலிதான் கொன்றது. காங்கேயம் வட்டாரத்து வாழ்க்கையை அறிந்தவர்க்கு இந்நிகழ்ச்சியின் கனம் எளிதில் விளங்கும். காங்கேயம் மாடுகளை வளர்க்கும் மேய்ச்சல் நிலமான கொறங்காடு, கிளுவைச் செடியால் ஆன உயிர்வேலி சூழ்ந்தது. வேலி அங்கே மாட்டைக் காப்பது. காக்க வேண்டிய வேலி கொல்லும் வேலியாக மாறுவது அவ்வட்டாரத்துக் கேட்போருக்கு வெறும் விபத்தாகத் தோன்றியிருக்க முடியாது. காட்டை நிலமாக்கிய செயலிலேயே ஒரு குற்றம் ஒட்டிக்கொண்டுள்ளது என்பதைக் கதை தன் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறது.

இரண்டாவது பங்காளி. வறுத்த விதையைக் கொடுத்தவனும் மருத்துவச்சியை விலைக்கு வாங்கியவனும் இரத்த உறவினனே. கொங்கு வழக்கில் பங்காளி என்பது நிலத்தில் பங்குடையவன், ஒரே குலத்தவன் என்னும் இரு பொருளையும் ஒருசேரத் தரும் சொல். உரிமையும் உறவும் ஒரே இடத்தில் அமைவதால் பகையும் அங்கேயே முளைக்கிறது. கதையின் முதற்பாதி முழுவதும் இப்பகையே கதையை இயக்குகிறது.

மூன்றாவது கிளி. வேட்டுவர் காட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவன் சங்கர். இணையைப் பிரித்தவனும் அவனே. கொம்பன் அதற்கு வந்த எதிர்வினை. வேட்டுவர் தரப்பிலிருந்து பார்த்தால் பன்றி ஒரு தண்டனை. உழவர் தரப்பிலிருந்து பார்த்தால் அது ஓர் அழிவு. பாடகர் இருபார்வைக்கும் இடமளிக்கிறார். வீரத்தங்காளின் துயரத்தைப் பாடும்போதும் உடுக்கை ஒலிக்கத்தான் செய்கிறது.

ஆக, பெக் பதிந்த வடிவில் மாயப் பன்றி தீமையின் ஊற்றன்று. குலத்தின் பழைய கடன்கள் உருவெடுத்து வந்து நிற்கும் இடம் அது. இதற்கு மற்றொரு சான்று வேட்டைக் காட்சியிலேயே உள்ளது. அண்ணன்மாரின் ஆற்றல் மட்டும் பன்றியை வீழ்த்தப் போதவில்லை. புறப்படும்போது அவர்கள் பொருட்படுத்தாமல் விட்டுச்சென்ற பொன்னாச்சி என்னும் சின்னஞ்சிறு பெண்நாய் உள்ளம் புண்பட்டுச் சாபமிடுகிறது. அதன் மனக்குறை தீர்ந்து அது வந்து பன்றியைக் கடித்த பின்னரே வெற்றி கைகூடுகிறது. அண்ணன்மாரின் முதன்மைப் பணியாளனாகவும் துணைவனாகவும் வரும் பறையர் குலத்துச் சாம்புகனும் இவ்வாறே வெற்றிக்கு இன்றியமையாதவன். புறக்கணிக்கப்பட்டவரின் தயவின்றி வீரம் முழுமையடையாது என்பதைக் கதை சொற்பொழிவின்றி உணர்த்திவிடுகிறது.

சடங்கும் இதனையே உறுதிசெய்கிறது. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவிலும் கொங்குச் சிற்றூர்க் கோயில்கள் பலவற்றிலும் நிகழும் படுகளம், வெற்றிக் கொண்டாட்டமாக அமைவதில்லை. அருள் வந்த ஆண்கள் களத்தில் விழுந்து கிடப்பர், பின்னர் எழுப்பப்படுவர். பன்றியின் சாவைக் காட்டிலும் வீரரின் சாவும் மீட்சியுமே சடங்கின் மையம். பகைவனை மீண்டும் கொல்வதற்காக ஊர் கூடுவதில்லை. தன்னவரை எழுப்புவதற்காகவே கூடுகிறது.

4. புதினமும் திரைப்படமும்: மனிதனிடம் குவிந்த தீமை

கலைஞர் மு. கருணாநிதி இக்கதையை ‘பொன்னர் சங்கர்’ என்னும் வரலாற்றுப் புதினமாக எழுதினார். தெய்வமாக வணங்கப்படும் இருவரை வரலாற்று மாந்தராகக் காண்பது அப்புதினத்தின் நோக்கு. பகுத்தறிவு இயக்க மரபில் வந்த படைப்பாளி ஒருவர் நாட்டார் கதையை அணுகிய முறை என்ற அளவில் இது தனியே ஆராயத்தக்கது. வழிபாட்டு எல்லைக்குள் இருந்த கதையை அவ்வழிபாட்டில் பங்கில்லாத தமிழ் வாசகர் அனைவர்க்கும் உரியதாக்கிய பெருமை அப்புதினத்துக்கு உண்டு.

அப்புதினத்தைத் தழுவித் தியாகராசன் இயக்கத்தில், பிரசாந்த் இரட்டை வேடத்தில் நடிக்க, இளையராசா இசையில் ‘பொன்னர் சங்கர்’ திரைப்படம் 2011 ஏப்ரலில் வெளிவந்தது. இதில் குன்னுடையாக் கவுண்டர் நெல்லியங்கோடன் என்னும் பெயரில் வருகிறார். தாமரை நாச்சியாரை மணக்க விரும்பி ஏமாற்றமடைந்த மாந்தியப்பனிடம் பகையின் வேர் அமைகிறது. தலையூர்க் காளி எதிரரசனாக நிற்கிறான்.

இங்கே நிகழும் மாற்றம் கவனிக்கத்தக்கது. பசுவின் சாபம் நடத்த வேண்டிய கதையை மறுக்கப்பட்ட ஓர் ஆணின் வஞ்சம் நடத்துகிறது. பாட்டன் நட்ட வேலிக்கு அதில் வேலையில்லை. தீமைக்கு ஒரு முகமும் ஒரு பெயரும் கிடைத்துவிடுகின்றன. அம்முகத்தை வென்றால் தீமை ஒழிந்தது. இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் முடிய வேண்டிய திரைப்படத்துக்கு இது வசதியான தீர்வு. ஆனால் கால அளவு மட்டுமே காரணம் என்று கொள்வது பொருந்தாது. புதினம் நீண்ட வடிவமே. மூன்று தலைமுறைகளைத் தாங்கும் இடம் அதில் உண்டு. தெய்வத் தலையீட்டை விலக்கும் வரலாற்றுப் புதின நெறி, சாபத்தையும் உடன் விலக்கிவிடுகிறது என்பதே அடிப்படைக் காரணம். சாபம் அகன்றதும், குலம் தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொள்வதற்குரிய கதைமொழியும் அகன்றுவிடுகிறது.

இதன் விளைவு இலக்கியத்துக்கு வெளியிலும் உண்டு. தலையூர்க் காளியைத் தம் குலத்து வீரமன்னனாகக் கொள்ளும் பார்வை வேட்டுவர் தரப்பில் உள்ளது. வேட்டுவக் கவுண்டர் சமூகம் கொங்கில் இன்றும் வாழும் சமூகம். வாய்மொழி வடிவில் வேட்டுவர் பகைவர் எனினும், அவர்களுடைய காட்டில் முதலில் அத்துமீறியவர் நாயகரே என்னும் செய்தி கதைக்குள்ளேயே இருந்தது. நல்லவர், தீயவர் என இருபக்கமாகக் கதை சுருங்கும்போது அச்செய்தியே முதலில் மங்குகிறது.

5. அசைவூட்டத் தொடர்: மீண்ட சாபமும் வரையப்பட்ட பகைவரும்

பெக், தாம் 1965இல் பதிந்த ஒலிப்பதிவை மூலமாகக் கொண்டு, பல ஆண்டுகளுக்குப் பின் ‘பொன்னிவளநாட்டுப் பழங்கதை’ என்னும் பொருளுடைய பெயரில் அசைவூட்டத் தொடர் ஒன்றைக் கனடாவில் உருவாக்கினார். ரவிச்சந்திரன் ஆறுமுகம் என்னும் தமிழ் ஓவியர் அதன் உருவங்களை வரைந்தார். 26 பகுதிகள் கொண்ட அத்தொடர் தமிழிலும் ஆங்கிலத்திலும் அமைந்தது. சித்திரக்கதை நூல்களாகவும் கதை வெளிவந்தது. கள ஆய்வாளர் ஒருவர் தம் இளமையில் பதிந்த வாய்மொழிக் காவியத்தை முதுமையில் தாமே அசைவூட்டமாக்கியது நாட்டார் வழக்காற்றியல் வரலாற்றில் அரிய நிகழ்ச்சி. 2023இல் டொராண்டோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவரது நூல் இக்காவியத்தை உலகின் பிற காவியங்களோடு ஒப்பிடுகிறது.

26 பகுதிகள் என்னும் அமைப்பே முதலில் ஆராயத்தக்கது. பல இரவுகள் நீளும் உடுக்கைப் பாட்டுக்கும் பல பகுதிகளாக நீளும் தொடருக்கும் கால அமைப்பில் ஓர் உறவு உண்டு. இரண்டிலும் கேட்போர் இடையில் எழுந்து போய்த் திரும்பி வருகின்றனர். இரண்டிலும் பாட்டன் கதைக்குத் தனி இரவு, தந்தை கதைக்குத் தனி இரவு என இடமுண்டு. எனவே திரைப்படம் விட்டுவிட்ட முதல் தலைமுறை தொடரில் மீண்டும் இடம்பெறுகிறது. பார்வதி உழவரைப் படைத்தலும் பசுக்களின் சாவும் சாபமும் கதையின் தொடக்கத்திலேயே நிற்கின்றன. இவ்வகையில் தொடர், திரைப்படத்தைவிட உடுக்கைப் பாட்டுக்கு நெருக்கமானது.

எனினும் அசைவூட்டத்துக்கே உரிய ஒரு நெருக்கடி உண்டு. பாடகர் ‘வேட்டுவர் வந்தனர்’ என்று பாடினால் போதும். அவர்களுடைய நிறத்தையும் உடையையும் முகத்தையும் கேட்பவர் தம் மனத்தில் வரைந்துகொள்வார். வேட்டுவக் கவுண்டர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தால் அவர் வரையும் முகம் வேறு. ஓவியருக்கு அந்த விடுதலை இல்லை. அவர் ஏதேனும் ஒரு நிறத்தையும் ஓர் உடையையும் தேர்ந்தே ஆகவேண்டும். தேர்ந்த உருவம் எல்லாப் பார்வையாளருக்கும் ஒன்றாகவே அமையும். கொம்பனுக்கும் இதுவே பொருந்தும். உடுக்கையின் ஓசையிலும் பாடகரின் உறுமலிலும் வாழ்ந்த பன்றி, திரையில் தந்தமும் மயிரும் கொண்ட விலங்காகி அளவுக்கு உட்படுகிறது. தீமை கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும், அதன் மூலத்தை வினவும் தேவை பார்ப்பவருக்குக் குறைந்துவிடக்கூடும். சாபம் கதையில் சொல்லப்பட்டாலும் நினைவில் நிற்பது பன்றியின் உருவமாக இருக்கக்கூடும். இது அத்தொடரின் குறையன்று. காட்சி ஊடகத்தின் இயல்பு.

6. ஜோஜோ தொடரோடு ஓர் ஒப்பீடு

இந்த இயல்பைக் காட்சி ஊடகம் தானே எவ்வாறு கையாள முடியும் என்பதை அறிய, தலைமுறைக் கட்டமைப்புடைய மற்றொரு தொடரைக் காண்பது உதவும். ஹிரோஹிகோ அராக்கி 1987இல் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் வரையத் தொடங்கிய ‘ஜோஜோவின் விசித்திர சாகசம்’, 2012 அக்டோபர் முதல் தொலைக்காட்சி அனிமேத் தொடராக வெளிவருகிறது. ஒவ்வொரு பாகத்திலும் ஜோஸ்டார் குடும்பத்தின் வெவ்வேறு தலைமுறையினர் நாயகராகின்றனர். முதல் பாகம் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நிகழ்கிறது. மூன்றாம் பாகத்தில் அக்குடும்பத்தின் பின்வந்தோர் 1980களின் இறுதியில் ஜப்பானிலிருந்து எகிப்துக்குக் கல்கத்தா, காசி வழியே பயணம் செய்கின்றனர்.

இத்தொடரின் பெரும்பகைவன் டியோ. கல் முகமூடியால் இரத்தக்காட்டேரியாக மாறியவன். ஆனால் அவன் வெளியிலிருந்து வந்து தாக்குபவன் அல்லன்; ஜோஸ்டார் வீட்டில் வளர்ப்பு மகனாகச் சேர்க்கப்பட்டு, நாயகன் ஜோனத்தனுடன் உடன்பிறப்பைப்போல வளர்ந்தவன். கொங்குச் சொல்லில் கூறினால், பங்கு கேட்டு வந்த பங்காளி. மூன்றாம் பாகத்தில் அவன் மீண்டு வரும்போது அவன் தலை பொருந்தியிருப்பது ஜோனத்தனின் உடலில். ஐந்தாம் பாகத்து நாயகன் ஜோர்னோ, டியோவின் மகனாகவும் அதேவேளை ஜோஸ்டார் குருதியினனாகவும் இருக்கிறான். ஆக, தீமை குடும்பத்தின் உடலையே அணிந்துகொள்கிறது. அதன் வழியில் நன்மையும் பிறக்கிறது.

இரு கதைகளுக்கும் தொடர்பு இருந்ததாகக் கொள்ள இடமில்லை. ஒப்புமை கட்டமைப்பு அளவிலானது. ஆயினும் அது பயனுள்ளது. காட்சி ஊடகத்திலும், தீமைக்கு உருவம் கொடுத்த பின்னும், அதனைக் குடும்பத்துக்குள்ளேயே நிறுத்திவைக்க முடியும் என்பதற்கு ஜோஜோ ஒரு சான்று. அராக்கி கையாண்ட உத்தி எளிமையானது: பகைவனின் உடலிலேயே உறவின் அடையாளத்தைப் பொறித்தல். ஜோஸ்டார் வழியினர்க்கு உரிய விண்மீன் வடிவ மறு, டியோ கைப்பற்றிய உடலிலும் உள்ளது. பார்வையாளர் பகைவனைப் பார்க்கும்தோறும் உறவையும் பார்க்கிறார்.

வேறுபாடும் உண்டு. டியோவின் வழியினர் என்று சொல்லிக்கொள்ள இவ்வுலகில் யாரும் இல்லை. அராக்கியின் பகைவன் முழுக் கற்பனை. தலையூர்க் காளிக்கு அப்படியில்லை. ஆகவே அண்ணன்மார் கதையைக் காட்சிப்படுத்துபவர் சுமக்கும் பொறுப்பு அராக்கியின் பொறுப்பைவிடப் பெரிது.

7. பின்னலாடை வட்டாரமும் பங்காளிப் பகையும்

பெக் ஒலிப்பதிவு செய்த காலத்தில் காங்கேயம் வட்டாரம் கிணற்றுப் பாசனத்தையும் மாட்டையும் நம்பியிருந்தது. அருகிலுள்ள திருப்பூரில் 1920களில் தோன்றிய பின்னலாடைத் தொழில், 1980களுக்குப் பின் ஏற்றுமதியால் பெருகி, சுற்றுவட்டாரச் சிற்றூர்களின் ஆண்களையும் பெண்களையும் ஈர்த்துக்கொண்டது. இத்தொழிலில் வேளாண் குடும்பத்துக் கவுண்டர்கள் தொழிலாளராக நுழைந்து முதலாளிகளாக உயர்ந்த வரலாற்றைச் சரத் சாரி 2004இல் வெளியிட்ட ஆய்வுநூல் விவரிக்கிறது. ‘உடன்பிறப்பு மூலதனம்’ என்று பொருள்தரும் தலைப்பை அவர் அந்நூலுக்கு இட்டார். தம் உயர்வுக்கு உழைப்பே காரணம் என்று அம்முதலாளிகள் கூறும் தற்கதையை அந்நூல் கூர்ந்து ஆராய்கிறது.

அண்ணன்மார் கதையைப் படித்தவர்க்கு இத்தலைப்பு வேறோர் எதிரொலியைத் தரும். காட்டை நிலமாக்கிய உழைப்பில் தொடங்கும் கதையும் உழைப்பால் உயர்ந்தோம் என்னும் கதையும் ஒரே வட்டாரத்தில், ஒரே சமூகத்தின் நினைவில் அடுத்தடுத்து நிற்கின்றன. பங்காளி என்னும் சொல்லுக்கு அருகில் பங்குதாரர் என்னும் சொல் வந்து சேர்ந்துள்ளது. ஆனால் ஒன்று குறைகிறது. உழைப்புக்கு நடுவே எவரேனும் மடிந்தனரா, யாருடைய காட்டின் வழியாக இந்நிலத்துக்கு வந்தோம் என்னும் வினாவைப் பழங்கதை தன் முதல் இரவிலேயே எழுப்பியது. புதிய தற்கதைக்கு வேலியும் இல்லை, பசுவும் இல்லை. விடிய விடியப் பாட்டுக் கேட்பதற்குரிய இரவுகளை இரவுப்பணி எடுத்துக்கொண்ட வட்டாரத்தில், அந்த வினாவை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுசேர்க்கும் வாயில் திரையாகவே இருக்கக்கூடும். அத்திரையில் கதை எவ்வடிவில் வருகிறது என்பது அதனால்தான் முக்கியமாகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

அண்ணன்மார் கதையின் வாய்மொழி வடிவில் தீமை குலத்தின் சொந்தச் செயல்களிலிருந்து தோன்றித் தலைமுறைதோறும் தொடர்கிறது. கொம்பன் அதன் இறுதி உருவம் மட்டுமே.

தெய்வத் தலையீட்டை விலக்கிய புதின, திரைப்பட வடிவங்களில் சாபமும் விலகியது. தீமை தனிமனிதப் பகையாகச் சுருங்கியது.

பகுதி பகுதியாக நீளும் அசைவூட்டத் தொடர், இரவு இரவாக நீண்ட நிகழ்த்துகலையின் கால அமைப்பை ஓரளவு மீட்டது. அதனால் முதல் தலைமுறையின் குற்றமும் கதைக்குள் மீண்டது. எனினும் பகைவருக்கு நிலையான உருவம் தர வேண்டிய கட்டாயம், பாடகர் விட்டுவைத்திருந்த திறந்த வெளியை அடைக்கிறது.

காட்சி ஊடகத்தில் பகைவனையும் உறவினனாகக் காட்ட இயலும் என்பதை ஜோஜோ தொடர் மெய்ப்பிக்கிறது.

நாட்டார் காவியங்களை எண்மமாக்கும் பணி இனி விரைவுபெறும். அப்பணியில் ஈடுபடுவோர் கதையின் வெற்றியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் குற்ற ஒப்புதலை விட்டுவிடுவது எளிது. வேட்டுவர் தரப்பு வடிவங்களும் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, வேளாளர் தரப்பு வடிவங்களோடு ஒருங்கே பதிப்பிக்கப்பட வேண்டும். அவ்வாறு இருதரப்பும் ஒரே நூலில், ஒரே திரையில் இடம்பெறும் நாளில்தான் கிளியை இழந்தவளின் குரலும் பயிரை இழந்தவனின் குரலும் ஒரே உடுக்கைக்கு மீண்டும் கேட்கும்.